சொல்லுக்கு எவ்வளவு, மெட்டுக்கு எவ்வளவு

பாட்டு எழுதுகிற அவரை அந்தக் குடியிருப்பில் எல்லோரும் வரிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் வரி வசூலிக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதம் மரியாதையாக நடந்துகொள்வார்கள். பாட்டுக்கு வரி எழுதுகிறவர் என்று தெரிந்ததும் அது நின்றுவிடும்.

இருபது வருடத்தில் அறுபத்திரண்டு பாட்டு எழுதியிருந்தார். அறுபத்தொன்றை யாரும் கேட்கவில்லை. கடைசியாக எழுதியதை எல்லோரும் கேட்டார்கள். ‘வருவதானால் சொல், வராததானால் அதையும் சொல்’ என்று தொடங்கும் அந்தப் பாட்டு பேருந்திலும் முடிவெட்டும் கடையிலும் பல் பிடுங்கும் இடத்திலும் ஓடியது. மெட்டுப் போட்டுப் பதிவு செய்து வெளியிட்டவர் ஸ்டுடியோக்காரர். வரிக்காரரைவிட எட்டு வயது இளையவர். ஒரு மருந்துக்கடைக்குக் கீழே, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய நிலவறைதான் ஸ்டுடியோ. இவரை அண்ணே என்பார், இவர் மனைவியை அண்ணி என்பார்.

பாட்டுப் பிரபலமான ஐந்தாவது வாரம் அந்த அண்ணிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது. இரண்டு காதும் போய்விட்டன.

“உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கு,” என்றார் டாக்டர். “இந்தக் காய்ச்சல் வந்தவங்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமா எலும்பா இறுகிடும். இறுகறதுக்குள்ள கருவி வச்சா கேக்கும். இறுகிட்டா உள்ள கம்பியே நுழையாது. அப்புறம் நீங்க தங்கத்துல கருவி கொண்டு வந்தாலும் பிரயோஜனமில்ல.”

கருவியை நோயாளியே வாங்கித் தர வேண்டும், வைப்பதை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்றார். கருவியின் விலையைக் கேட்ட வரிக்காரர், பாட்டுக்கு வந்திருக்கும் பணத்தில் தன் பங்கு போதும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் பிழை ஒன்றுமில்லை. பணம் சொல்–இசை நியாயப் பங்கீட்டு நல்லிணக்க ஆணையத்தில் இருந்தது என்பதுதான் சங்கடம்.

பாட்டு எழுதுகிறவர்களை மெட்டுப் போடுகிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று முன்பு ஒரு குரல் எழுந்தது. நியாயமான குரல்தான். அதற்காக ஏற்பட்டதுதான் ஆணையம். எந்தப் பாட்டின் வருமானமும் முதலில் ஆணையத்துக்குப் போகும். இரு தரப்பும் ஆணையத்தின் முன்னால் பேசி முடித்த பிறகு பங்கு பிரியும். பதினோரு வருடமாக ஆணையம் ஒரு பாட்டுக்கும் பங்கு பிரித்ததில்லை. எந்த வழக்கிலும் அவசரப்பட்டதில்லை என்று ஆண்டறிக்கையில் போட்டிருந்தார்கள்.

தலைவர் அதற்கு முன்பு எடை அளவு முத்திரைத் துறையில் இருந்தவர். முதல் அமர்வில் அவர் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

“பயப்படாதீங்க. உங்க பணம் இங்க ரொம்பப் பத்திரமா இருக்கு. அதோட வட்டியிலதான் போன வருஷம் இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் போட்டோம். வரும்போது லிஃப்ட்லதானே வந்தீங்க?”

“ஆமாங்க,” என்றார் வரிக்காரர்.

“பாத்தீங்களா? பலன் உங்களுக்கே வந்து சேருது.”

செயலர் அம்மாள் வரிகளை எண்ணத் தொடங்கினார். மொத்தம் தொண்ணூற்று நான்கு சொல். ஒருமுறை வந்த சொல் மறுபடி வந்தால் அதற்குப் பங்கு கிடையாது, ஒரே செங்கல்லை இரண்டு தடவை விற்க முடியாது என்றார் தலைவர். அதில் நாற்பது போயிற்று. அடுத்து ‘நீ’.

“‘நீ’ங்கறது பொதுச்சொல். யாரு வேணும்னாலும் சொல்லலாம். நான்கூட என் டிரைவரை நீன்னுதான் சொல்றேன். அதுக்காக இவருக்குப் பணம் கட்ட முடியுமா?”

‘நீ’ போனது. அதோடு ‘நான்’, ‘அது’, ‘இது’ என்று பொதுச்சொல்லெல்லாம் வரிசையாகப் போயின. கடைசியில் முப்பத்தொரு சொல் மிஞ்சின. பாட்டின் நடுவே வரும் ‘ம்...ம்...’ என்பது சொல்லா இசையா என்று கேள்வி வந்தது. அதற்கு மூன்று அமர்வு ஆயிற்று. வாய் மூடியிருக்கும்போது வருவதால் அது சொல் அல்ல என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்தார். மனிதன் சம்மதம் சொல்லும் ஒலி என்பதால் அது சொல்தான் என்று வேறொரு நிபுணர் எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் கட்டணம் பாட்டின் கணக்கிலிருந்து போனது.

“ஐயா, பாட்டை ஒரு தடவ போட்டுக் கேட்டுட்டீங்கன்னா உங்களுக்கே புரிஞ்சிடும்,” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“எப்படிப் போடறது? உரிமைக்காரர் அனுமதி இல்லாம பாட்டுப் போடறது குத்தம். உரிமைக்காரர் யாருன்னு முடிவாகணும். முடிவு பண்ண வேண்டியது நாங்க. நாங்க இன்னும் பண்ணல.” தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதோட, நான் பாட்டே கேக்கறதில்ல. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது.”

அடுத்த அமர்வு எப்போது என்று கேட்க வரிக்காரர் தொலைபேசியில் கூப்பிடுவார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லும். பிறகு அவருடைய பாட்டே ஓடத் தொடங்கும். வருவதானால் சொல், வராததானால் அதையும் சொல். அரை மணி நேரம் காதில் வைத்துக்கொண்டிருப்பார். இரண்டாவது சரணத்தில் ஒரு சொல்லை மாற்றியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும். ஒருநாள் செயலர் அம்மாள் கிடைத்தபோது கேட்டுவிட்டார்: “அம்மா, இதைப் போட மட்டும் அனுமதி இருக்குதுங்களா?”

“அது பாட்டு இல்லீங்க. காத்திருப்பு ஒலி,” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி காத்திருப்பில் போட்டார்.

இப்படி எட்டு அமர்வு. ஏழு மாதம். டாக்டர் மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலது காது முடிந்தது, இடது காதில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதற்கும் ஆறு வாரம்தான் என்றார். அறுவைக்கு ஒரு தேதி குறித்துக் கொடுத்தார். கருவி அதற்குள் வராவிட்டால் அடுத்த தேதி கிடைக்கும்போது காது இருக்காது.

வரிக்காரரின் மனைவி பன்னிரண்டு வருடம் நெசவாலையில் வேலை பார்த்தவள். நானூறு தறி ஓடும் கூடத்தில் பேச்சுக் கேட்காது. அங்கே பெண்கள் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். அதனால் காது போனபின்னும் யார் பேசினாலும் அவளுக்குப் புரிந்தது. ஆனால் தன் குரல் தனக்குக் கேட்காததால் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள். டாக்டர் சொன்னதைப் பார்த்து முடித்தவள், “அப்ப ஆணையத்துல போய் உக்காந்துடுங்க!” என்றாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் போய் உட்கார்ந்தார். அன்று ஆணையத்துக்கு விடுமுறை. அதன் நிறுவன நாள். அது தெரியாமல் ஸ்டுடியோக்காரரும் வந்திருந்தார். வாசலில் இருந்த டீக்கடையில் இருவரும் நின்றார்கள்.

“அண்ணே, எனக்கும் மூணு மாச வாடகை நிக்குது. என் பங்கும் உள்ளதான் கிடக்கு. நாம எதுக்கு அடிச்சிக்கறோம்?”

“நாம எங்க அடிச்சிக்கிட்டோம்? அவங்கதானே எண்ணிக்கிட்டு இருக்காங்க.”

“பாதி பாதி. சரியா?”

“சரி.”

டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, மறுநாள் கொண்டுபோய் நீட்டினார்கள். தலைவர் படித்தார். முகம் கறுத்தது.

“யாரைக் கேட்டு ஒத்துப்போனீங்க?”

“நாங்களே பேசி...”

“நீங்களே பேசிக்கிறதா இருந்தா நாங்க எதுக்கு இருக்கோம்? முப்பத்தெட்டு ஊழியர்கள் இந்த ஆணையத்துல இருக்காங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு.” அவர் விதிப்புத்தகத்தைத் திருப்பினார். “ஒப்பந்தம்னா அதுக்கு முன்னாடி கருத்து வேறுபாடு பதிவாகியிருக்கணும். உங்க கோப்புல ஒரு சண்டைகூட இல்ல. சண்டையே இல்லாத இடத்துல சமாதானம் வந்தா அதுக்குப் பேரு கூட்டுச்சதி.”

வரிக்காரர் டாக்டரின் கடிதத்தை மேசைமேல் வைத்தார். “ஐயா, காது இறுகிக்கிட்டிருக்கு. நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்.”

தலைவருக்கு இரக்கம் வந்தது. விதிப்படி வேண்டிய மூன்று சண்டை அமர்வுகளுக்குப் பதிலாக ஒரே ஒரு தீவிர அமர்வு போதும் என்று சலுகை கொடுத்தார். அடுத்த வாரம் இருவரும் மனப்பூர்வமாகக் கருத்து வேறுபட வேண்டும். காதுக்காக உடனே பணம் கேட்கும் அவசர மனு ஒன்றைக் கொடுத்தால் அன்றைக்கே அதையும் எடுத்துக்கொள்வார்கள். பாதிக்கப்பட்டவரைக் கூட்டிவர வேண்டும்.

படி இறங்கும்போது ஸ்டுடியோக்காரர் சிரித்தார். “சும்மா ரெண்டு வார்த்தை திட்டிக்கலாம் அண்ணே. நீங்க என் மெட்டைச் சொல்லுங்க, நான் உங்க வரியைச் சொல்றேன்.”

தீவிர அமர்வு அன்று மனைவி பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஸ்டுடியோக்காரர் ஒத்திகை பார்த்தபடி தொடங்கினார்.

“இவரு வரி தாளத்துல உக்காரவே இல்லீங்க. நான்தான் இழுத்து உக்கார வச்சேன்.”

“இவரு மெட்டு பழைய லிஃப்ட் மணிச் சத்தம்.”

“போதாது,” என்றார் தலைவர். “இது விமர்சனம். எனக்கு வேறுபாடு வேணும்.”

ஸ்டுடியோக்காரர் குரலை உயர்த்தினார். “நான் இல்லேன்னா இவரு எழுதினது மளிகைச் சீட்டு! அறுபத்தோரு பாட்டு எழுதினாரே, எவன் கேட்டான்?”

அது ஒத்திகையில் இல்லாதது. வரிக்காரர் ஒரு கணம் அவரைப் பார்த்தார்.

“நீ இல்லேன்னா... சரி. நீ எப்ப இருந்த?” என்றார். “அவளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தப்போ உன் வண்டிக்காகக் கூப்பிட்டேன். மத்தியானம் ரெண்டு மணி. ஏழு தடவ கூப்பிட்டேன். ரெக்கார்டிங்னு எடுக்கல. ஆட்டோ கிடைக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அந்த ஒரு மணி நேரத்துலதான் காது போச்சோ என்னவோ, யாருக்குத் தெரியும்? நான் இதை உங்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

அறையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது. “ஏழு தடவையா, எட்டு தடவையா?” என்றார் செயலர் அம்மாள்.

“ஏழு.”

ஸ்டுடியோக்காரர் முகம் வெளுத்திருந்தது. “யோவ்,” என்றார். பழகிய எட்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அண்ணே தவிர வேறு வந்ததில்லை. “யோவ், என்னமோ நான்தான் காதைப் புடுங்கிப் போட்ட மாதிரி பேசற? உனக்குப் பணம் வேணும்கிறதுக்காக எம் மேல பழி போடுவியா?”

“அற்புதம்,” என்றார் தலைவர் தாழ்ந்த குரலில். “இதுதான் நாங்க எதிர்பார்த்த தரம்.”

தலைவரும் செயலரும் ஆலோசனைக்காக எழுந்து பக்கத்துக் கண்ணாடி அறைக்குள் போனார்கள். ரகசியம் காப்பதற்காகவே ஒலி புகாதபடி கட்டிய அறை அது. அதுவும் வட்டிப் பணம்தான். வெளியே இரண்டு ஆண்களும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

மனைவி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவள் வழக்கப்படி, உரக்கச் சொன்னாள்:

“‘இந்தக் கோப்பு நல்லா சூடு பிடிச்சிருக்கு’ங்கறாரு. அந்தம்மா ‘அவசர மனு என்ன பண்றது’ங்கறாங்க. ‘ஒரு நிபுணர்கிட்ட அனுப்பு, அவரு மூணு மாசம் வச்சிருப்பாரு’ங்கறாரு. ‘வட்டி மார்ச் வரைக்கும் ஓடினா ரெண்டாம் மாடிக்கு ஏசி போட்டுடலாம்’ங்கறாரு.” கண்ணாடியை மறுபடி பார்த்தாள். “இப்ப மத்தியானச் சாப்பாட்டைப் பத்திப் பேசறாங்க.”

வாசலில் நின்ற கடைநிலை ஊழியர் முதல் அடுத்த வழக்குக்குக் காத்திருந்த இரண்டு பாடகர்கள் வரை எல்லோருக்கும் கேட்டது. கடைநிலை ஊழியர் ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

தலைவர் வெளியே வந்தார். கோபப்படவில்லை. அமர்ந்து, தண்ணீர் குடித்து, நிதானமாகச் சொன்னார்.

“ஒலி புகாத அறையில நாங்க பேசினதை இந்த அம்மா வார்த்தைக்கு வார்த்தை சொல்லியிருக்காங்க. நல்லாக் காது கேக்கறவங்களுக்கே கேக்காத பேச்சு அது. அப்போ இவங்களுக்குக் காது கேக்கறது மட்டுமில்ல, மத்தவங்களைவிட நல்லாவே கேக்குது. அவசர மனு பொய்யான காரணத்தின் பேர்ல தாக்கல் செய்யப்பட்டிருக்கு. தள்ளுபடி.”

“ஐயா, அவ உதட்டைப் பாத்து...” வரிக்காரர் எழுந்தார்.

“என் உதடு இந்த ஆணையத்தோட ஆவணம் இல்ல.”

வரிக்காரருக்கு ஏதாவது கத்த வேண்டும் என்று தோன்றியது. இருபது வருடமாகச் சொல்லையே தொழிலாக வைத்திருந்தவருக்கு அப்போது ஒரு சொல்கூட வரவில்லை. ‘ம்’ என்ற ஓசை மட்டும் வந்தது. செயலர் அம்மாள் அதைப் பதிவு செய்யலாமா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தார்.

மூவரும் படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்டுடியோக்காரர் நின்றுவிட்டார்.

“அண்ணே. அன்னைக்கு போன் அடிச்சதை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுக்கல. பாடகர் போயிட்டா திரும்ப வரமாட்டாருன்னு பயம். எடுத்திருக்கணும்.”

மனைவி இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அதை அப்புறம் அழுதுக்கலாம்!” என்றாள். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. “தேதிக்கு இருபது நாள்தான் இருக்கு. மேல சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சே, பாத்தீங்களா? ஒருத்தர் உரிமையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா மொத்தமும் ஏழு நாள்ல மத்தவருக்குப் போயிடுமாம். அதுக்கு அமர்வு கிமர்வு ஒண்ணும் வேணாமாம்.”

“நான் எழுதிக் குடுக்கறேன் அண்ணி,” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“நீ குடுத்தா உன் ஸ்டுடியோ உரிமமும் போகும் தம்பி, அதுலயே போட்டிருக்கு. அப்புறம் நீ எங்க போவ?” அவள் கணவனைப் பார்த்தாள்.

வரிக்காரர் திரும்பி மேலே ஏறினார்.

துறப்புப் படிவத்தைச் செயலர் அம்மாள் உரக்கப் படித்துக் காட்டினார். இந்தப் பாட்டில் மட்டுமல்ல, அறுபத்திரண்டிலிருந்தும் பெயர் நீக்கப்படும். ஒரு வருடத்துக்கு எந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. பெறுகிறவர் துறந்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பணமாக எதுவும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது கூட்டுச்சதி.

“யோசிச்சு முடிவு பண்ணினீங்களா?” என்று கேட்டார். ஏழு மாதத்தில் அவர் கேட்ட முதல் மனிதக் கேள்வி அது.

“யோசிக்க நேரமில்லம்மா.” கையெழுத்துப் போட்டார். ஆணையத்தில் ஒரு காரியம் ஆறு நிமிடத்தில் முடிந்தது அதுவே முதல் முறை.

பிறகு காத்திருந்தார்கள். ஏழாம் நாள் பணம் போய்விட்டதாக ஆணையத்திலிருந்து நகல் வந்தது. எட்டாம் நாள் ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் மூன்று தடவை, மத்தியானம் நான்கு தடவை. எடுக்கவில்லை. நேரில் போகலாமென்றால் ஸ்டுடியோ வாசலைத் தாண்டக் கூடாது. தெருவில் நின்று பார்த்தார். பூட்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர், “வெளியூர் போயிருக்காருங்க, பெரிய பெட்டியோட கிளம்பினாரு,” என்றார்.

வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். ஏழு என்ற எண் மண்டைக்குள் சுற்றியது. மனைவி சோற்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

“எடுக்கலியா?”

தலையசைத்தார்.

“ஏமாத்திட்டானோ?” என்றாள். அன்றைக்குத்தான் அவள் குரல் உயரவில்லை.

“தெரியல.” சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். “ஏமாத்தியிருந்தா போய்க் கேக்கக்கூட எனக்கு வழியில்ல. எழுதிக் குடுத்துட்டேன்.”

அடுத்த மூன்று நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பழைய காகிதங்களையெல்லாம் எடுத்துக் கட்டிப் பரணில் போட்டார். ஒரு அச்சகத்தில் போய் மருந்துச் சீட்டுகளுக்குப் பிழைதிருத்தும் வேலை கேட்டார். ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்’ என்று நூறு சீட்டில் சரிபார்த்தார். தன் பெயர் வராது என்று தெரிந்தே அவர் கைவைத்த முதல் வரி அதுதான்.

பதின்மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்தார். கருவி வந்துவிட்டது, யாரோ ஒருவர் தொழிற்சாலைக்கே நேரில் போய் வாங்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார், குறித்த தேதிக்கு நோயாளியைச் சேர்க்க வேண்டும் என்றார். வரிக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலை ஸ்டுடியோக்காரர் தெருமுனையில் நின்று பேசினார். “போன்ல பேசினா பதிவாகும் அண்ணே. ஆணையத்துல ஒரு வருஷம் கண்காணிப்பாங்களாம். அதான் எடுக்கல. பணமாத்தானே குடுக்கக் கூடாது? நான் பணமாக் குடுக்கல. ஸ்டுடியோவுக்குச் சாமான் வாங்கியிருக்கேன். ரசீதுல எழுதிட்டேன். ஒலிவாங்கி, உயர் ரகம், ஒன்று.”

அறுவை முடிந்தது. கம்பி கடைசி இரண்டு மில்லிமீட்டருக்கு நுழைய மறுத்தது, மற்றபடி சரி என்றார் டாக்டர். ஒரு மாதம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். முதலில் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தன. எது ஆண் குரல், எது பெண் குரல் என்றுகூடத் தெரியவில்லை. அவள் அழுதாள். வார்த்தை பிரிந்து கேட்க இரண்டு மாதம் ஆயிற்று. வானொலியில் பாட்டு வரும்போது அறிவிப்பாளர் ஸ்டுடியோக்காரர் பெயரை மட்டும் சொல்வதும் அவளுக்குக் கேட்டது. அதைச் சொன்னால் வரிக்காரர் அச்சகத்துக்கு நேரமாயிற்று என்பார்.

வருடம் முடிகிற சமயத்தில் ஆணையத்தின் தணிக்கையாளர் ஸ்டுடியோவுக்கு வந்தார். இருப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளிலும் எண்ணிட்ட ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும். நாற்காலிக்கு ஒட்டினார், விசைப்பலகைக்கு ஒட்டினார். “ஒலிவாங்கி, உயர் ரகம், ஒன்று. எங்க?”

ஸ்டுடியோக்காரர் ஆளனுப்பினார். அரை மணியில் அண்ணி வந்து சேர்ந்தாள். கூட வந்த வரிக்காரர் விதிப்படி வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

“பொருளைக் கேட்டா ஆளைக் கொண்டுவர்றீங்க?”

“பொருள் அவங்க தலையில இருக்குங்க. வாடகைக்கு விட்டிருக்கேன். பணம் குடுக்கல, சாமான்தான்.”

தணிக்கையாளர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஒலிவாங்கி தலைக்குள் இருக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஒட்டுச்சீட்டை எடுத்து, தயங்கி, அவள் காதுக்குப் பின்னால் இருந்த கருவிமேல் ஒட்டினார். பிறகு இயக்கச் சோதனைக்காகக் குனிந்து, ஒவ்வொன்றாக, “ஒண்ணு... ரெண்டு... மூணு...” என்றார்.

“கேட்டுச்சுங்க. நாலு சொல்லலியே?”

“மூணு வரைக்கும்தான் விதி.” ‘இயங்குகிறது’ என்று எழுதிக்கொண்டார். பேனாவை மூடும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. “அம்மா, இது தேயற பொருள். ஏழு வருஷத்துல மதிப்பு பூஜ்யமாயிடும். அப்போ கழட்டி ஏலத்துல விடணும்.”

வாசலில் நின்ற வரிக்காரர் படியைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை.

“நீங்க எப்ப ரிட்டயர் ஆகறீங்க?” என்று கேட்டாள் அவள்.

“இன்னும் மூணு வருஷம் இருக்கும்மா.”

“அப்பச் சரி,” என்றாள். “உங்களுக்கு அடுத்து வர்றவரை நான் பாத்துக்கறேன்.”